சோறு போடுகிறவரிடம் வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

(சிங்கப்பூர் கிளமெண்டியில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)

அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்த ஏற்பாட்டாளர் ஒருவர், “இது அரசியல் பேச்சா, சார்?” என்று தொலைபேசியில் கேட்டார். “இல்லை, ஆய்வுகளைப் பற்றிய பேச்சு” என்றேன். ஆய்வு என்றால் அதில் அரசியல் இருக்காது என்று அவர் நிம்மதியாகிவிட்டார். நானும் அந்த நிம்மதியைக் கெடுக்கவில்லை.

துப்பாக்கி வைத்திருக்கும் ஓர் அமைப்பு எதற்காகப் பள்ளிக்கூடம் நடத்துகிறது? எதற்காகப் பெற்றோரை இழந்த பிள்ளைகளை வளர்க்கிறது, மருந்து கொடுக்கிறது, வீடு இடிந்தவனுக்கு வாடகை கொடுக்கிறது? 2006இல் இஸ்ரேலோடு நடந்த போர் ஓய்ந்த கையோடு, வீடிழந்த குடும்பங்களுக்கு ஹிஸ்புல்லா 12,000 டாலர் வரை ரொக்கமாக எண்ணிக் கொடுத்தது. லெபனான் அரசு அப்போது விண்ணப்பப் படிவம்கூட அச்சடித்திருக்காது. 1995 ஜனவரியில் கோபே நகரம் நிலநடுக்கத்தில் சரிந்தபோது, யமகுச்சி-குமி என்ற யாக்குசா கும்பல் தெருவில் நின்று தண்ணீரும் உணவும் டயப்பரும் விநியோகித்தது.

தமிழர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. பம்பாயில் வரதராஜ முதலியார் என்று ஒருவர் இருந்தார். மாதுங்காவிலும் தாராவியிலும் பிழைக்கப்போன நம் ஆட்கள் தண்ணீர்க் குழாய்க்கும் மின்சாரத்துக்கும் ரேஷன் கார்டுக்கும் குடும்பத் தகராறுக்கும் அவரிடம்தான் போனார்கள். கள்ளச்சாராயமும் கடத்தலும் அதே வீட்டில்தான் நடந்தன. அவரை மனத்தில் வைத்து 1987இல் மணிரத்னம் எடுத்த ‘நாயகன்’ படத்தின் கடைசியில் பேரன் தாத்தாவிடம் ஒரு கேள்வி கேட்பான், நினைவிருக்கும். இன்றைக்கு நான் பேசப்போகும் ஆய்வாளர்கள் முதல் வேலையாக அந்தக் கேள்வியைத்தான் தூக்கி ஓரமாக வைத்தார்கள். நல்லவரா கெட்டவரா என்பதை விடு. அவர் கொடுப்பது எப்படி வேலை செய்கிறது, வாங்குகிறவர் என்ன விலை கொடுக்கிறார் என்று கேட்டார்கள்.

பொருளியலாளர் மான்கூர் ஓல்சன் 1993இல் ஒரு கட்டுரை எழுதினார். ஊர் ஊராகப் போய்க் கொள்ளையடிப்பவனுக்கு எதையும் விட்டுவைக்கக் காரணமில்லை. ஒரே ஊரில் தங்கிவிட்ட கொள்ளைக்காரன் அப்படி இருக்க முடியாது. அடுத்த வருடமும் அதே வயலிலிருந்துதான் அவனுக்கு வரவேண்டும். அதனால் அவன் கொஞ்சம் விதைநெல்லை விட்டுவைப்பான், வேறு திருடன் வராமல் காவல் காப்பான், வாய்க்கால்கூட வெட்டிக் கொடுப்பான். அரசு என்று நாம் சொல்வது இப்படித்தான் பிறந்தது என்பது ஓல்சனின் குறும்பு. வரி கட்டும்போதெல்லாம் எனக்கு இந்தக் கட்டுரை ஞாபகத்துக்கு வரும்.

எலி பெர்மன் 2009இல் வெளியிட்ட நூல் இன்னொரு பக்கத்திலிருந்து வருகிறது. ஹமாஸ், ஹிஸ்புல்லா, தாலிபான் ஆகியவற்றைப் பார்த்து அவர் கேட்டது: இவர்களுக்குள் ஏன் துரோகம் குறைவாக இருக்கிறது? சரக்கு லாரிக்குக் காவலாகப் போகும் ஒருவன் அந்த லாரியையே ஓட்டிக்கொண்டு போய் விற்றுவிடலாம். எதிரிக்குத் தகவல் சொன்னால் அவன் வாழ்நாளுக்கும் சம்பாதிக்க முடியாத பணம் கிடைக்கும். அவனைத் தடுப்பது எது? மத நம்பிக்கை மட்டும் என்று சொன்னால் போதாது என்கிறார் பெர்மன். அவனுடைய பிள்ளை படிக்கும் பள்ளி, மனைவி போகும் மருத்துவமனை, அவன் செத்தால் குடும்பத்துக்கு வரும் மாதப்பணம் எல்லாம் அமைப்பிடம் இருக்கின்றன. அமைப்பைவிட்டு வெளியே வந்தால் அத்தனையும் போய்விடும். ஆகவே பெர்மனின் கணக்கில் சேவை என்பது அன்பளிப்பல்ல, பிணைப்பணம். அப்படியானால் அந்த அமைப்பை உடைக்க விரும்பும் அரசு குண்டு போடுவதைவிட ஒரு நல்ல மருத்துவமனையைக் கட்டுவது மேல். இது அவர் போட்ட கணக்கு. நான் கருணையால் சொல்லவில்லை.

கணக்கு நடைமுறையில் எப்படிப் போகும் என்று பார்க்க நாம் கடல் தாண்ட வேண்டாம். இந்த ஊரின் பெயரிலேயே அந்தக் கதை இருக்கிறது. இன்றைய கிளமெண்டி சாலைக்கு முன்பு ரிஃபார்மட்டரி சாலை என்று பெயர். சிறுவர் சீர்திருத்தப் பள்ளி இருந்த சாலை. புதிய பெயர் எந்த ஆளுநரைக் குறிக்கிறது என்பதில் இரண்டு கட்சி உண்டு. ஒருவர் 1930களில் இருந்த செசில் கிளமெண்டி. மற்றவர் அவருடைய உறவுப் பெரியவர், 1887 முதல் 1893 வரை ஆளுநராக இருந்த செசில் கிளமெண்டி ஸ்மித். நம் தலைப்புக்கு வேண்டியவர் இந்த இரண்டாமவர். நீரிணைக் குடியேற்றங்களில் ரகசியக் கும்பல்களைச் சட்டம் போட்டு ஒழித்தவர் அவர்தான்.

கீ ஹின் கும்பல் 1820 வாக்கிலேயே சிங்கப்பூரில் தோன்றிவிட்டது. கப்பலிலிருந்து இறங்கும் புதுச் சீனக் கூலிக்கு இங்கே யாரும் இல்லை. மொழி தெரியாது, பயணக் கடன் தலையில் இருக்கிறது. கும்பல் அவனுக்குப் படுக்க இடம் கொடுத்தது, வேலை பார்த்துக் கொடுத்தது, அடிதடியில் பின்னால் நின்றது, செத்தால் முறைப்படி அடக்கம் செய்தது. அநாதைப் பிணமாகப் போய்விடுவோமோ என்று பயந்த மனிதனுக்கு இந்தக் கடைசி வாக்குறுதி எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள். அபினும் சூதாட்ட விடுதியும் பெண்களை விற்பதும் அதே கும்பலின் தொழில்கள். 1854இல் ஹொக்கியன், தியோசியூ கூட்டங்கள் மோதியபோது நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள்.

இதைச் சீனர்களின் கதை என்று ஒதுக்கவும் முடியாது. 1867இல் பினாங்கில் பத்து நாள் நடந்த கலவரத்தில் கீ ஹின் பக்கம் வெள்ளைக்கொடி, எதிர்ப்பக்கம் சிவப்புக்கொடி என்று இரண்டு சங்கங்கள் நின்றன. மலாய்க்காரர்களும் ஜாவி பிரானாக்கான்களும் இந்திய முஸ்லிம்களும் சேர்ந்திருந்த சங்கங்கள் அவை. முஹர்ரம் ஊர்வலத்துக்கும் ஒருவருக்கொருவர் உதவிக்கும் கூடிய கூட்டங்கள்தாம். அந்தப் பத்து நாளில் அவையும் ஆயுதம் எடுத்தன.

பிரிட்டிஷ்காரர்கள் எடுத்தவுடனே தடை போடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1877இல் சீனர் பாதுகாப்பு அலுவலகம் என்று ஒன்றைத் திறந்தார்கள். நார்த் கெனல் சாலையில் ஒரு கடைவீட்டில் அது இயங்கியது. அதற்குத் தலைவர் வில்லியம் பிக்கரிங். சீன மொழிகள் பேசத் தெரிந்த வெள்ளைக்காரர். அந்தக் காலத்தில் அது பெரிய அதிசயம். கப்பலில் வரும் கூலியின் ஒப்பந்தத்தைச் சரிபார்ப்பது, கடன் தகராறைத் தீர்ப்பது, விற்கப்பட்ட பெண்களுக்கு அடைக்கலம் தேடுவது என்று கும்பல் செய்துகொண்டிருந்த வேலைகளை ஒவ்வொன்றாக அந்த அலுவலகம் தன் மேசைக்கு இழுத்துக்கொண்டது. கும்பல்களுக்கு இது புரியாமல் இல்லை. 1887இல் ஒரு தச்சர் அலுவலகத்துக்கே வந்து கோடரியால் பிக்கரிங்கின் நெற்றியைத் தாக்கினார். பிக்கரிங் உயிர் பிழைத்தார், ஆனால் பழைய ஆளாக அவர் திரும்பவில்லை. அதற்குப் பிறகுதான் கிளமெண்டி ஸ்மித்தின் சங்கச் சட்டம் வந்தது. 1889இல் நிறைவேறி 1890இல் நடைமுறைக்கு வந்தது; கீ ஹின் கலைந்தது.

தடைச்சட்டம் வெற்றி பெற்றதற்கு அதற்கு முந்தைய பன்னிரண்டு ஆண்டு அலுவலக வேலைதான் காரணம் என்பது என் வாதம். கூலிக்குப் போக வேறோர் இடம் உருவான பிறகுதான் கும்பலின் கதவை மூட முடிந்தது. ஈமச்சடங்கு முதலான மற்ற வேலைகளைக் குலச்சங்கங்கள் ஏற்றுக்கொண்டன. அப்படியும் முழுதாக ஒழியவில்லை. சேவையை இழந்த கும்பல்கள் மாமூல் வாங்கும் சிறு குண்டர் கூட்டங்களாகச் சிதறின. அவற்றை அடக்க 1955இல் ‘தற்காலிகம்’ என்று பெயர் வைத்துக் கொண்டுவந்த சட்டத்தை இன்றுவரை நீட்டித்துக்கொண்டேதான் இருக்கிறோம்.

இனி இலங்கையின் வடக்கில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிக்குப் போவோம். இந்த அவையில் யாழ்ப்பாணத்தில் வேருள்ளவர்கள் இருக்கிறீர்கள். நான் சொல்வதில் சில உங்களுக்குப் பிடிக்காது. வேறு சில உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் பிடிக்காது.

2002 பிப்ரவரியில் இலங்கை அரசுக்கும் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்தம் வந்ததும் ஆய்வாளர்கள் கிளிநொச்சிக்குப் போனார்கள். அங்கே கண்டது அவர்களை அசத்திவிட்டது. தமிழீழக் காவல்துறை, நீதிமன்றம், சட்டக்கல்லூரி, 1994இலிருந்து நடந்துவந்த வைப்பகம், போரில் பெற்றோரை இழந்த பெண்பிள்ளைகளுக்குச் செஞ்சோலை, பொருளாதாரத்துக்கு ஒரு மேம்பாட்டு நிறுவனம், அகதிகளுக்கு 1985இலேயே தொடங்கிய தமிழர் புனர்வாழ்வுக் கழகம். ஒஸ்லோவைச் சேர்ந்த புவியியலாளர் கிறிஸ்டியன் ஸ்டொக்கே 2006இல் எழுதிய கட்டுரை, தமிழீழம் என்ற ஓர் அரசு கட்டப்பட்டுவருகிறது என்ற கோணத்தில் இதையெல்லாம் வரிசைப்படுத்தியது.

அடுத்த ஆண்டு அதே இதழில் பருத்தித்துறையிலிருந்து மறுப்பு வந்தது. எழுதியவர் முத்துகிருஷ்ண சர்வானந்தன் என்ற தமிழ்ப் பொருளியலாளர். அவருடைய கேள்வி எளிமையானது: ஆசிரியர் சம்பளத்தை யார் கொடுக்கிறார்? விடை: கொழும்பு. வன்னியில் அரசுப் பள்ளிகள் அரசின் பாடத்திட்டத்தில்தான் நடந்தன. பிள்ளைகள் கொழும்பு நடத்திய சாதாரண தரப் பரீட்சையைத்தான் எழுதினார்கள். அரசு மருத்துவமனையில் அரசு மருத்துவர். கச்சேரியில் அரசாங்க அதிபர், கீழே கிராம அலுவலர், அவர் கையில் நிவாரண அட்டைப் பட்டியல். புலிகள் சொந்தமாகக் கட்டியது பெரும்பாலும் காவல்துறை, நீதிமன்றம், வரிவாங்கும் ஆயப்பகுதி. ஏ9 சாலையில் வரும் ஒவ்வொரு லாரிக்கும் ஆயம் உண்டு.

சண்டையிடும் இரண்டு தரப்பில் ஒன்று மற்றதன் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பதா? ஸகாரியா மாம்பிலி 2011இல் வெளியிட்ட நூல் இதைத்தான் மையத்தில் வைத்தது. இலங்கை, தெற்கு சூடான், காங்கோ மூன்றையும் ஒப்பிட்ட நூல் அது. கொழும்பு அந்த மக்களைத் தன் குடிமக்கள் என்று தொடர்ந்து காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அதனால் சம்பளத்தையும் அரிசியையும் அனுப்பியது. புலிகள் அதைத் தடுக்கவில்லை, மேற்பார்வை செய்தார்கள். மக்கள் கண்ணுக்குத் தெரிந்த கை புலிகளுடையது, பை கொழும்பினுடையது. மற்ற இரண்டு நாட்டுக் கிளர்ச்சிக்காரர்களுக்கு இந்த வசதி கிடைக்கவில்லை.

எனக்கு இந்த இடத்தில் சர்வானந்தன் பாதி சரி, ஸ்டொக்கே பாதி சரி என்று சமரசம் பேச விருப்பமில்லை. பணம் எங்கிருந்து வந்தது என்பதில் சர்வானந்தனே சரி. ஆனால் வன்னியில் வாழ்ந்தவர்களிடம் பேசினால் இன்னொன்று வரும். இரவில் பெண்பிள்ளை சைக்கிளில் தனியாக வரலாம், களவு இல்லை, காவல்துறையில் லஞ்சம் இல்லை என்பார்கள். அது பொய்யான நினைவு அல்ல. அதே வாயால், அதே மூச்சில், “ஆனா பெடியள் என்ர மகனைக் கொண்டுபோட்டினம்”, அதாவது இயக்கப் பையன்கள் என் மகனைக் கொண்டுபோய்விட்டார்கள், என்றும் சொல்வார்கள். ஆய்வுக் கட்டுரைகள் முதல் வாக்கியத்தை ஒரு பத்தியிலும் இரண்டாவதை வேறோர் அத்தியாயத்திலும் வைக்கின்றன. சொல்கிறவர் இரண்டையும் பிரித்துச் சொல்வதில்லை.

அமெரிக்காவின் சான் டியேகோவைச் சேர்ந்த ஷான் ஃபிளானிகன் இலங்கையிலும் லெபனானிலும் தொண்டு நிறுவனங்களைப் பற்றிக் கள ஆய்வு செய்தவர். ஹிஸ்புல்லாவையும் புலிகளையும் ஒப்பிட்டு 2008இல் அவர் எழுதிய கட்டுரை எனக்கு மிகவும் உதவியது. மக்கள் ஓர் ஆயுத அமைப்பை ஏற்றுக்கொள்வதை அவர் ஒரு நீண்ட கோடாகப் பார்க்கிறார். ஒரு முனையில் முழு விருப்பம், மறு முனையில் முழுக் கட்டாயம். சேவை அந்தக் கோட்டில் மனிதர்களை அங்குமிங்கும் நகர்த்துகிறது. வேறு யாரும் அந்தச் சேவையைத் தராத இடத்தில், விருப்பம் எது கட்டாயம் எது என்று வாங்குகிறவருக்கே சொல்லத் தெரியாது.

அங்கிருந்து என் அளவுகோலை எடுத்துக்கொள்கிறேன். ஒரு சேவையைப் பார்க்கும்போது நான் இரண்டைத்தான் கேட்பேன். பக்கத்தில் இன்னொருவர் அதே சேவையைத் தர விடுகிறார்களா? வாங்குகிறவர் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு நடந்துபோக முடிகிறதா?

முதல் கேள்வியை யாழ்ப்பாணத்தில் வைத்துப் பாருங்கள். 1980களின் இறுதியில், போரால் சிதைந்த பெண்களுக்காகப் பெண்களே பூரணி என்ற இல்லத்தை நடத்தினார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்த ராஜினி திரணகம அதை உருவாக்கியவர்களில் ஒருவர். எல்லாத் தரப்பின் கொலைகளையும் பதிவு செய்தவர். 1989 செப்டம்பர் 21 அன்று வீடு திரும்பும் வழியில் சுட்டுக்கொல்லப்பட்டார். கொன்றது புலிகள்தாம் என்று அவரோடு பணியாற்றியவர்கள் சொல்லிவந்திருக்கிறார்கள். பூரணியில் ஈடுபட்டிருந்த கவிஞர் செல்வியைப் புலிகள் 1991இல் பிடித்துக்கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை. அதே 1991இல்தான் செஞ்சோலை தொடங்கியது. செஞ்சோலையில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கிடைத்த அன்பு போலி என்று நான் சொல்லமாட்டேன். 2006 ஆகஸ்ட் 14இல் விமானப்படை அங்கே குண்டு போட்டு இளம்பெண்களைக் கொன்றதை எந்த வாதமும் நியாயப்படுத்தாது. ஆனால் ஆய்வாளர் ‘பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இயக்கம் இல்லம் நடத்தியது’ என்று எழுதும்போது, அதே ஊரில் இயக்கம் சாராத ஓர் இல்லத்துக்கு என்ன நடந்தது என்பதையும் அந்த வரியிலேயே எழுத வேண்டும்.

யாருக்குச் சேவை இல்லை என்பதும் கணக்கில் வரவேண்டும். 1990 அக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள், 70,000 பேருக்கும் மேல், விரட்டப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். தமிழ் பேசியவர்கள்தாம். லெபனானைப் பற்றி மெலனி கேமெட் 2014இல் எழுதிய நூல் இதே கேள்வியைத்தான் தொடர்கிறது: எந்த அமைப்பு தன் சமூகத்துக்கு வெளியிலுள்ளவருக்கும் கதவைத் திறக்கிறது, எது திறப்பதில்லை, ஏன்? நாடு முழுவதும் ஓட்டு வேண்டியிருக்கும் கட்சி அடுத்த வீட்டுக்காரனுக்கும் மருந்து கொடுக்கும். தன் தெருவைக் காக்க ஆயுதம் தேவைப்படும் அமைப்பு தன் ஆட்களுக்கே கொடுக்கும்.

இரண்டாவது கேள்வி. வன்னியைவிட்டு வெளியேற இயக்கத்தின் பாஸ் வேண்டும். பாஸ் கிடைக்கப் பிணை நிற்க ஆள் வேண்டும். ஓமந்தைச் சாவடிக்கு இந்தப் பக்கம் அது, அந்தப் பக்கம் இராணுவத்தின் சோதனை. இதன் நடுவே 2003 அக்டோபரில் கிளிநொச்சியில் ஓர் இடைத்தங்கல் நிலையம் திறந்தார்கள். இயக்கத்திலிருந்து விடுவிக்கப்பட்ட சிறுவர்களை வீட்டுக்கு அனுப்பும்வரை தங்கவைக்கும் இடம். நடத்தியவர்கள் யுனிசெப்பும் புனர்வாழ்வுக் கழகமும். போர்நிறுத்தத்துக்குப் பிறகு 2004 அக்டோபர் வரை யுனிசெப் பதிவு செய்த சிறுவர் சேர்ப்புகள் 3,500க்கு மேல். முறையாக விடுவிக்கப்பட்டவர்கள் சுமார் 1,200. கூட்டிக்கொண்டு போகும் வாசலும் திருப்பி அனுப்பும் வாசலும் ஒரே முற்றத்தில் திறந்தன. யுனிசெப்புக்கு வேறு வழியிருந்ததா? அந்த முற்றத்துக்குள் போகாமல் ஒரு பிள்ளையையும் மீட்டிருக்க முடியாது. தொண்டு நிறுவனங்களின் சங்கடம் எல்லாம் இதற்குள் அடங்கிவிடும்.

2004 டிசம்பர் 26. சுனாமி முல்லைத்தீவுக் கடற்கரையைத் துடைத்துவிட்டது. சில மணி நேரத்துக்குள் களத்தில் இறங்கியவர்கள் புலிகளும் புனர்வாழ்வுக் கழகமும்தான். அப்போது வந்த வெளிநாட்டு நிருபர்கள் அதன் ஒழுங்கைப் பார்த்து வியந்து எழுதினார்கள். உலகமெங்கும் தமிழர்கள் அள்ளிக் கொடுத்தார்கள். உதவியைப் பங்கிட அரசும் புலிகளும் 2005 ஜூன் 24இல் ஒரு பொதுக்கட்டமைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதை எதிர்த்து ஜே.வி.பி. கட்சி அதற்கு முன்பே ஆட்சியைவிட்டு வெளியேறியிருந்தது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒப்பந்தத்தின் முக்கியப் பகுதிகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. ஆயுத அமைப்புக்கு வெளியே, எல்லாரும் பார்க்கும்படி, கணக்கோடு ஓர் உதவிப் பாதை உருவாகக் கிடைத்த ஒரே வாய்ப்பு அப்படிப் போனது. அந்தத் தடையைக் கொண்டாடியவர்கள் புலிகளுக்குத்தான் நன்மை செய்தார்கள் என்று நினைக்கிறேன். கொடுக்கிற கை மறுபடி ஒரே கையாகிவிட்டது அல்லவா?

பணத்தின் பக்கம் ஓடிய சட்டக்கதை தனி. பிரிட்டனின் அறக்கட்டளை ஆணையம் 2005இல் புனர்வாழ்வுக் கழகத்தைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது. அமெரிக்கா 2007 நவம்பரில் அதன் சொத்துகளை முடக்கியது. 2010 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருபடி மேலே போனது. தமிழ் அமைப்புகளும் சேர்ந்து தொடுத்த வழக்கில், புலிகள் போன்ற தடைசெய்யப்பட்ட அமைப்புக்குச் சமாதானமாகப் பேசக் கற்றுக்கொடுப்பதுகூடக் குற்றமாகலாம் என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மருந்துக்குக் கொடுத்தால் மருந்துக்கு வைத்திருந்த பணம் தோட்டாவுக்குப் போய்விடும் என்பது அங்கே ஓடிய வாதம். ஹமாஸ் விஷயத்தில் மாத்யூ லெவிட் இப்படித்தான் எழுதினார்: அறமும் ஆயுதமும் ஒரே கல்லாப்பெட்டி. காஸாவில் நெடுங்காலம் கள ஆய்வு செய்த சாரா ராய் 2011இல் அதை மறுத்தார். அங்குள்ள இஸ்லாமிய நலக்கூடங்கள் பலவற்றில் வேலை செய்தவர்களுக்குத் தொழில்தான் முக்கியம், கட்சி அல்ல என்றார். ‘ஒரே கல்லாப்பெட்டி’ வாதத்தில் உண்மை இருக்கிறது. முடிவு வரை கொண்டுபோனால் முற்றுகையில் இருக்கும் ஊருக்கு ஒரு மாத்திரையும் அனுப்ப முடியாது. கொடுத்தவர் பக்கமும் எல்லாம் தானமாக இல்லை. கனடாவிலும் பிரிட்டனிலும் வீடு வீடாக வந்து மிரட்டி வாங்கியதை மனித உரிமைக் கண்காணிப்பகம் 2006இல் பதிவு செய்தது.

இப்போது சிங்கப்பூருக்கே திரும்பித் தேக்காவுக்கு வாருங்கள், எம்ஆர்டியில் அரை மணி நேரம்தான். கஃப் ரோட்டில் 2008இல் டி.டபிள்யூ.சி.2 என்ற தொண்டு அமைப்பு வேலையிழந்த வெளிநாட்டு ஊழியர்களுக்கு இலவசச் சாப்பாடு போடத் தொடங்கியது. வேலையிடத்தில் அடிபட்டு, இழப்பீட்டு வழக்கு முடியும்வரை ஸ்பெஷல் பாஸில் காத்திருக்கும் ஆட்கள் அதில் நிறையப் பேர். வேலை செய்ய அனுமதியில்லை, ஊருக்குப் போனால் வழக்கை நடத்துவது கடினம். சாப்பாட்டுக்கடையில் ஒரு மேசை. கட்டுப்போட்ட கையோடு வருகிறவர் மறு கையால் பாஸை நீட்டுகிறார். தொண்டர் பெயரைக் குறிக்கிறார். தட்டில் சோறும் குழம்பும் விழுகின்றன. சாப்பிடும்போது பேச்சு வருகிறது: எந்தக் கம்பெனி, எத்தனை மாதச் சம்பளம் பாக்கி, ஏஜெண்டுக்கு எவ்வளவு கட்டினாய். அந்தப் பேச்சிலிருந்து அமைப்பு தன் அறிக்கைகளை எழுதுகிறது, அமைச்சுக்குக் கேள்வி அனுப்புகிறது.

நேர்மையாகப் பார்த்தால், பெயரைக் குறிப்பதும் தகவல் திரட்டுவதும் அதைக்கொண்டு செல்வாக்குத் தேடுவதும் இங்கேயும் உண்டு. வித்தியாசம், அந்த ஊழியர் நாளைக்கு வராமல் இருக்கலாம். கேம்பல் லேன் பக்கம் வேறு யாராவது பொட்டலம் கொடுத்தால் அங்கே வாங்கலாம், கோயில் அன்னதானத்துக்குப் போகலாம், அந்த அமைப்பைத் திட்டவும் செய்யலாம். அவருக்கு ஒன்றும் ஆகாது. தொண்டு நிறுவனம் என்ற பெயர்ப்பலகை மட்டும் இதற்கு உத்தரவாதமல்ல. 2005இல் தேசிய சிறுநீரக அறநிறுவனத்தின் ஆடம்பரத்தை வெளிக்கொண்டுவந்த தங்கக் குழாய் விவகாரத்தை மறந்திருக்க மாட்டீர்கள். டயாலிசிஸ் நோயாளி எங்கே போய்க் குறை சொல்வார்? வாரம் மூன்று முறை அந்த இயந்திரத்தில்தான் படுக்க வேண்டும். அங்கே துப்பாக்கி இல்லை. வெளியேறும் வழி மட்டும் குறுகலாக இருந்தது.

ஆய்வு முறையைப் பற்றி ஒரு வார்த்தை. போர்நிறுத்தக் காலத்தில் வன்னிக்குள் போன ஆய்வாளர் இயக்கத்தின் அனுமதியோடு போனார். 2009இல் போர் முடிந்த பின் போனவர் இராணுவத்தின் கண்முன்னால் பேட்டி எடுத்தார். முதலாமவரிடம் குறை சொல்லப் பயம், இரண்டாமவரிடம் நல்லது சொல்லப் பயம். இரண்டு பேரும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டது மக்கள் கருத்து என்று அச்சில் வந்தது. இப்போதெல்லாம் நூற்றுக்கணக்கான ஆயுதக் குழுக்களை அட்டவணையில் போட்டு, பள்ளி உண்டா, மருத்துவமனை உண்டா என்று ஒன்று, பூஜ்யம் குறிக்கிறார்கள். அந்த அட்டவணைகள் பெரிய போக்கைக் காட்டும். நான் எதிர்பார்க்கும் கட்டம் அவற்றில் அபூர்வம்: ‘வாங்க மறுத்தவருக்கு என்ன ஆயிற்று?’

2009இன் முதல் மாதங்களில் இந்தக் கட்டங்கள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. வன்னி முற்றுகைக்குள் எழுபதாயிரம் பேர்தான் இருக்கிறார்கள் என்று அரசு சொல்லி, அந்தக் கணக்குக்கே உணவும் மருந்தும் அனுப்பியது. கடைசியில் வெளியே வந்து முகாம்களில் அடைபட்டவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். போர்தவிர்ப்பு வலயம் என்று அறிவித்த இடத்திலும் மருத்துவமனைகளிலும் அரசின் எறிகணை விழுந்தது என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் கண்டது. வெளியேற முயன்றவர்களைப் புலிகள் சுட்டார்கள் என்றும் அதே அறிக்கை சொன்னது. அங்கே கொட்டகையிலும் பள்ளிக்கூட மேசையிலும் கடைசிவரை அறுவை செய்தவர்கள் சில மருத்துவர்கள். கொழும்பு நியமித்த அரசு ஊழியர்கள். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தார்கள். காயப்பட்டவர்களைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் புதுமாத்தளனிலிருந்து ஏற்றிச் சென்றது. மே மாதம் அந்த மருத்துவர்கள் வெளியே வந்ததும் அரசு அவர்களைக் கைதுசெய்தது. செத்தவர் கணக்கை வெளியே சொன்னதுதான் குற்றம். ஜூலை 8இல் கொழும்பில் பத்திரிகையாளர்கள் முன் உட்காரவைத்து, மிகைப்படுத்திச் சொன்னோம் என்று சொல்லவைத்தார்கள்.

இரண்டு அதிகாரங்களும் அவர்களிடம் எதிர்பார்த்தது ஒன்றுதான்: சேவை எங்கள் பெயரில் நடக்கட்டும், கணக்கு எங்களைக் கேட்டுச் சொல்லப்படட்டும். அவர்களோ யார் தூக்கிக்கொண்டு வந்தாலும் தைத்தார்கள், எத்தனை பேர் என்று எண்ணினார்கள். அவர்களை எந்த நெடுவரிசையில் எழுதுவது, அரசின் சேவையா, கிளர்ச்சிக்காரரின் சேவையா, தொண்டா என்று என் மாணவர்களிடம் ஒவ்வொரு வகுப்பிலும் கேட்கிறேன். மூன்று விடையும் வருகின்றன, மூன்றுக்கும் ஆதாரம் காட்டுகிறார்கள். உங்கள் விடையைக் கேட்க விரும்புகிறேன். மண்டபத்தை ஒன்பது மணிக்குள் விட்டுக்கொடுக்க வேண்டுமாம், அதனால் கேள்விகளைச் சுருக்கமாகக் கேளுங்கள்.